வடக்கு ஷெட் கழிப்பறையின் சாவி

மெல்ச்சோராவுக்கு மூத்திரம் வந்தது. மணி காலை ஆறு இருபது. வடக்கு ஷெட்டை விட்டு வண்டி கிளம்பி அரை மணி நேரம்தான் ஆகியிருந்தது. கிளம்புவதற்கு முன்பே ஷெட்டில் நின்ற உடைந்த லாரிக்குப் பின்னால் ஒதுங்கி, இன்னொரு வண்டியின் கண்டக்டர் யானினாவை மறைப்புக்குத் துண்டு பிடிக்கச் சொல்லி, ஒரு தடவை போய்விட்டுத்தான் ஏறியிருந்தாள். அதற்குள் மறுபடியும் வந்து நின்றது.

அதற்காக வேலை நிற்குமா? ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு, ஒரு கால் படியிலும் ஒரு கால் காற்றிலுமாகத் தொங்கியபடி கத்திக்கொண்டிருந்தாள்.

"உள்ள எடமிருக்கு, உள்ள போங்க! தம்பி, பையை முன்னாடி மாட்டிக்க! எறங்குறவங்க வலது காலை வைங்க, வலது கால், வலது கால்!"

லிமா நகரத்தில் ஒரு கோடிப் பேர் இருக்கிறார்கள். அந்த ஒரு கோடிப் பேரும் வாழ்நாளில் மூத்திரமே போகாதவர்கள் என்று நினைத்துத்தான் அந்த ஊரைக் கட்டியிருக்கிறார்கள் போலிருக்கிறது. வடக்கே மலையடியிலிருந்து தெற்கே மணல்மேடு வரை அந்த வண்டி ஒரு தடவை போய்ச்சேர ஏறத்தாழ இரண்டு மணி நேரம் ஆகும். வழியில் நாற்பது கோழிக்கடை, பதினேழு மருந்துக்கடை, ஆறு சூதாட்டக் கடை. ஒரு பொதுக் கழிப்பறை கிடையாது. ஆண்பிள்ளைக்கு இதெல்லாம் ஒரு குறையே இல்லை, சுவர் இருந்தால் போதும். பெண்பிள்ளை என்ன செய்வாள் என்று எந்த மேயரும் ஒரு நிமிடம் உட்கார்ந்து யோசித்ததாகத் தெரியவில்லை.

"கொம்பாத்ரே, பங்க்கிட்ட கொஞ்சம் நிறுத்துங்க" என்றாள் மெல்ச்சோரா.

டிரைவர் செவேரோ அவள் மகளுக்கு ஞானத்தகப்பன். அந்த உறவில் அவள் அவனைக் கொம்பாத்ரே என்பாள், அவன் அவளைக் கொமாத்ரே என்பான். பதினோரு வருடமாக ஒரே வண்டி. ஆனால் ஸ்டீயரிங்கைப் பிடித்துவிட்டால் அவனுக்கு உறவும் கிடையாது, ஞானமும் கிடையாது.

"மறுபடியுமா? இப்பத்தானே போனே!"

"போனேன். திரும்ப வருது. நிறுத்துங்க."

"பின்னாடி பச்சைக்காரன் ரெண்டு நிமிஷத்துல வரான், தெரியுமில்ல?"

தெரியும். முக்கியமான சந்திப்பு ஒவ்வொன்றிலும் ஒரு ஆள் நோட்டுப் புத்தகத்தோடு நிற்பான். எந்த வண்டி எத்தனை நிமிடம் முன்னால் போயிருக்கிறது, எது பின்னால் வருகிறது என்று குறித்துவைத்துக்கொண்டு, ஓடும் வண்டிக்குக் கத்திச் சொல்வான். அவனுக்குச் சில்லறை எறிவதும் கண்டக்டர் வேலைதான். செவேரோவுக்கு அந்த ஆள் சொல்வது வேதவாக்கு. பச்சை வண்டி முந்திவிட்டால் வழியில் நிற்கிற ஜனத்தையெல்லாம் அது வாரிக்கொண்டு போய்விடும். இவர்கள் காலி இருக்கைகளை ஊர்வலம் கூட்டிக்கொண்டு போகவேண்டியதுதான்.

"ஓட்டுய்யா! ஆபீசுக்கு நேரமாவுது!" என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

"நான் என்ன சார் பண்றது? எங்க கண்டக்டரம்மாவுக்கு மூத்திரப்பைக்குப் பதிலா ஓட்டைச் சொம்பை வச்சு அனுப்பிட்டான் ஆண்டவன்" என்றான் செவேரோ. வண்டியே சிரித்தது.

அவள் குதித்து ஓடினாள். பங்க்கில் இருந்தவன் கழிப்பறைக் கதவுக்குக் குறுக்கே வந்து நின்றான். "கஸ்டமருக்கு மட்டும், மாமி. டீசல் போடச் சொல்லு, தெறக்கிறேன்." அவனிடம் கெஞ்சி, திட்டி, மறுபடி கெஞ்சி உள்ளே போனால் வந்தது அரை டம்ளர். அதுவும் மஞ்சளாக, எரிச்சலோடு. இந்த அரை டம்ளருக்கா இத்தனை அவமானம் என்று அவளுக்குத் தன் உடம்பின் மேலேயே ஆத்திரம் வந்தது. வெளியே வருவதற்குள் பச்சை வண்டி ஹாரன் அடித்துக்கொண்டு தாண்டிப் போனது.

செவேரோவுக்கு அந்தக் கஷ்டம் கிடையாது. கியருக்குப் பக்கத்தில் இரண்டு லிட்டர் சோடா பாட்டில் ஒன்று வைத்திருந்தான். சிக்னலில் நிற்கும்போது மடியில் செய்தித்தாளை விரித்துக்கொள்வான், அவ்வளவுதான், காரியம் முடிந்துவிடும். ஷெட் வந்ததும் அந்தப் பாட்டிலை எடுத்துப்போய்க் கொட்டிக் கழுவிக்கொண்டு வருவது யார்? கண்டக்டர். பதினோரு வருடமாக அவன் மூத்திரத்தை இவள் சுமந்து கொட்டினாள். இவள் மூத்திரத்துக்கு மூன்று நிமிடம் நிற்க அவனுக்கு மனசு வரவில்லை.

அந்த மாதம் ஏற்கெனவே இரண்டு தடவை வண்டி தாமதம். ஷெட்டின் டைம்கீப்பர் அபெலார்தோ அவளைக் கூப்பிட்டு விரலை நீட்டினார். "மூணாவது தடவை லேட்டாச்சுன்னா நீ எறங்கிக்க. படிக்கட்டுல நிக்கிறதுக்கு ஆளா கெடைக்காது? ஒரு மணி நேரம் அடக்கத் தெரியாதவங்களுக்கு எதுக்கு பஸ் வேலை?" நாற்பத்தெட்டு வயசில் வேறு எந்த வேலை அவளுக்காகக் காத்திருக்கிறது? மகள் நர்ஸ் படிப்பில் இரண்டாம் வருடம். அந்தப் படிக்கட்டை விட்டால் அவளுக்கு நிற்க இடமில்லை.

அடக்கத் தெரியாதவளாம். அவளை விட அடக்கினவள் அந்த ஊரில் யார்? விடிந்தது முதல் பொழுது சாயும் வரை ஒரு வாய்த் தண்ணீர் குடிக்க மாட்டாள். குடித்தால்தானே வரும் என்பது அவள் கணக்கு. மருத்துவமும் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். விடிகாலை நாலரை மணிக்கே ஷெட் வாசலில் கஷாய வண்டி வந்துவிடும். பார்லி, ஆளிவிதை, குதிரைவால் செடி எல்லாம் போட்டுக் கொதிக்க வைத்து, பாகு ஊற்றி, எலுமிச்சை பிழிந்து, கொழகொழவென்று சுடச்சுடக் கண்ணாடிக் கிளாஸில் தருவார்கள். லிமாக்காரனுக்கு அது சர்வரோக நிவாரணி. கிட்னிக்கு நல்லது, ஈரலுக்கு நல்லது, காதல் தோல்விக்குக்கூட நல்லது என்பார்கள்.

"அடிவயித்துல குளிர் ஏறிடுச்சு, அதான் சும்மா சும்மா வருது. ஈரக் கல்லுல ஒக்காந்திருப்பே" என்று கஷாயக்காரி சொல்லிவிட்டாள். "ரெண்டு கிளாஸா குடி. குதிரைவாலைத் தூக்கலா போடுறேன்."

குளிர்காலத்துச் சாரல் கோட்டைத் தாண்டி எலும்பில் இறங்கும் ஊரில் இதை யார்தான் நம்பமாட்டார்கள்? மெல்ச்சோரா இரண்டு கிளாஸ் குடித்தாள். குறையவில்லை என்றதும் மூன்றாக்கினாள். இன்னும் அதிகமாகவே வந்தது. குளிர் பலமாக ஏறியிருக்கிறது என்று முடிவு செய்தாள்.

ஒரு செவ்வாய்க்கிழமை பாலத்துக்கு முன்னால் லாரி கவிழ்ந்து பாதை அடைத்துக்கொண்டது. முன்னாலும் போகமுடியாது, பின்னாலும் போகமுடியாது. இருபது நிமிடம் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். தொடையை நெருக்கினாள், எண்ணினாள், மாதாவைக் கூப்பிட்டாள். கீழே குதிக்கலாம் என்றால் இரண்டு பக்கமும் சிமென்ட் தடுப்பு, தடுப்புக்கு அப்பால் ஆறு வரிசை வண்டிகளில் மனிதத் தலைகள். இருபத்தொன்றாவது நிமிடம் உடம்பு அவள் பேச்சைக் கேட்கவில்லை. பேன்ட்டின் உள்பக்கம் சூடாக இறங்கி ஷூவுக்குள் போனது. பக்கத்தில் நின்ற கல்லூரிப் பையன் முதலில் புரியாமல் கீழே பார்த்தான், பிறகு புரிந்து சட்டென்று ஜன்னலைப் பார்த்தான். அவன் அப்படிப் பார்க்காமல் இருந்ததுதான் அவளை அதிகம் சுட்டது.

ஸ்வெட்டரைக் கழற்றி இடுப்பில் கட்டிக்கொண்டாள். "டிக்கெட், டிக்கெட், கையில வச்சுக்கங்க" என்று குரலெடுத்தாள். தெற்குக் கோடி வரை, திரும்ப வடக்குக் கோடி வரை, அந்த ஈரத்தோடு நின்றாள். அன்று வீட்டுக்குப் போய் ஷூவைக் கழுவும்போது அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. பேரன் பேத்தி எடுக்கிற வயசில் ஒரு மனுஷியை நடுரோட்டில் இந்த நிலைக்குக் கொண்டுவந்து நிறுத்தின அத்தனை பேரையும் நினைத்து நினைத்துப் பிரஷ்ஷால் தேய்த்தாள்.

மறுநாள் லீவு போட்டுவிட்டு மலையடி ஆஸ்பத்திரிக்குப் போனாள். மகள் வயதில் ஒரு டாக்டரம்மா இருந்தாள்.

"ஒரு நாளைக்கு எத்தனை தடவை போறீங்க?"

"போகக் கெடைக்கிறது ஆறோ ஏழோ. வர்றது பதினஞ்சு இருக்கும்."

டாக்டர் சிரிக்கவில்லை. ரத்தமும் சிறுநீரும் எடுத்துப் பார்த்தார்கள். சர்க்கரை இல்லை. கிருமியும் இல்லை. டாக்டர் நாற்காலியை இழுத்துப் பக்கத்தில் போட்டுக்கொண்டு என்னென்ன சாப்பிடுகிறாள், குடிக்கிறாள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். கஷாயம் என்றதும் பேனா நின்றது.

"எத்தனை கிளாஸ்?"

"மூணு. குளிருக்கு."

"அம்மா, பார்லி மூத்திரத்தை இழுக்கும். குதிரைவாலும் இழுக்கும். மூத்திரம் சரியா வராதவங்களுக்கு எங்க பாட்டி காலத்துல அதைத்தான் குடுப்பாங்க. நீங்க வராதவங்களா?"

கஷாயம் குடிக்க ஆரம்பித்து எத்தனை காலம் என்று மெல்ச்சோரா கணக்குப் பார்த்தாள். மூன்று வருடம். நாள் தவறாமல்.

"அதுக்கு மேல ரெண்டு காப்பி. அதுக்கப்புறம் நாள் முழுக்க ஒரு சொட்டுத் தண்ணி கெடையாது. உள்ள இருக்கிறது கெட்டியாகி எரிக்குது. எரியறதனால, கொஞ்சூண்டு சேர்ந்தாலும் வெளியில தள்ளப் பாக்குது. வழியில எங்க எடம் கெடைக்கும்னு தெரியாம, கண்ட எடத்துலயெல்லாம் வரலேன்னாலும் போய் வச்சிக்கிறீங்க. பை ரொம்பறதுன்னா என்னன்னே அதுக்கு மறந்துபோச்சு. அது கெட்டுப் போகலை, மிரண்டு போயிருக்கு."

"யாரு மிரட்டினாங்க?" என்றாள் மெல்ச்சோரா. குரல் ஏறிவிட்டது. "நானா?"

கஷாயத்தை நிறுத்தவேண்டும், காப்பி ஒன்றுதான், தண்ணீரை நாள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கவேண்டும் என்றாள் டாக்டர். நடுவில் திடீரென்று முட்டினால் ஓடக்கூடாது. அசையாமல் நின்று, கீழே இருக்கிற தசையை ஐந்தாறு தடவை இறுக்கி இறுக்கி விட்டால் அந்த அலை தணியும். மூன்று நாளைக்கு எப்போது, எங்கே, எவ்வளவு என்று எழுதிக்கொண்டு வரவேண்டும்.

"முக்கியமா, கடிகாரத்தைப் பாத்துப் போகணும். வந்தாலும் வராட்டியும் ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை. நிதானமா ஒக்காந்து, முழுசா."

"எங்கே, டாக்டரம்மா?"

டாக்டர் எழுதுவதை நிறுத்தினாள்.

"இல்ல, கேக்கறேன். தண்ணி குடிங்கறீங்க, குடிக்கறேன். இறுக்குங்கறீங்க, இறுக்கறேன். நிதானமா ஒக்காருன்னா எங்கே ஒக்கார்றது? நாளைக்கு என் வண்டியில வாங்க, படிக்கட்டுல ஒரு டிரிப் நில்லுங்க, எடத்தைக் காட்டிட்டுப் போங்க."

"வேலை செய்யற எடத்துல கழிப்பறை இருக்கணுமே. இல்லாம கம்பெனிக்கு பர்மிட்டே குடுக்க மாட்டாங்களே" என்றாள் டாக்டர் மெதுவாக.

"இருக்கு" என்றாள் மெல்ச்சோரா. "பூட்டியிருக்கு."

கிழித்த டிக்கெட் கட்டுகளின் முதுகில் மூன்று நாள் எழுதினாள். மணி, இடம், அளவு. இடம் என்ற பகுதியைப் படித்தால் யாருக்கும் ரத்தம் கொதிக்கும். லாரிக்குப் பின்னால். பங்க், விடவில்லை. கோழிக்கடை, விட்டான், கதவைத் தட்டிக்கொண்டே இருந்தான். தெற்குச் சந்தைக் கழிப்பறை, நல்லது. பங்க், விடவில்லை. கஷாயத்தை நிறுத்திய இரண்டாம் நாளே காலை நேரத்து ஓட்டம் பாதியாகக் குறைந்தது. பாலத்தருகே முட்டியபோது கம்பியைப் பிடித்து அசையாமல் நின்று இறுக்கினாள். மூன்று நிறுத்தங்கள் போனதும் அலை தணிந்தது. "போலாம், போலாம்!" என்று அவள் கத்தியதில் அன்று இருந்த சந்தோஷம் பயணிகளுக்குப் புரிந்திருக்காது.

இரண்டு வாரத்தில் பதினைந்து என்பது ஒன்பதாயிற்று. ஒரு டிரிப் முழுக்க வண்டி எங்கேயும் நிற்கவேண்டியதில்லை. தெற்குக் கோடியில் சந்தைக் கழிப்பறை இருந்தது. வடக்குக் கோடியில் ஒன்று இருந்துவிட்டால் போதும். இனி அவளுக்கு வேண்டியது ஒரே ஒரு சாவி. அந்தச் சாவி அபெலார்தோவின் இடுப்பு பெல்ட்டில் தொங்கிக்கொண்டிருந்தது.

இரண்டு தடவை மரியாதையாகக் கேட்டாள். "அது ஆபீஸ் ஸ்டாஃபுக்கு" என்றார் அவர். அந்த ஷெட்டில் ஆபீஸ் என்பதே அவர் உட்காரும் மேசைதான், ஸ்டாஃப் என்பது அவர்தான். அவரும் சுவரோரம்தான் போவார். அதை ஷெட்டே பார்த்திருக்கிறது.

வெள்ளிக்கிழமை நண்பகல் வண்டி ஷெட்டுக்குள் வந்ததும் செவேரோ வழக்கம்போலப் பாட்டிலை நீட்டினான். மெல்ச்சோரா வாங்கவில்லை.

"என்ன கொமாத்ரே?"

"உங்க மூத்திரத்தை நீங்க கொட்டுங்க. பதினோரு வருஷம் நான் கொட்டினேன். ஒரு நாள் மூஞ்சி சுளிச்சேனா? ஓட்டைச் சொம்புன்னு ஊர் முன்னாடி சொன்னேனா?"

"அது சும்மா தமாசுக்கு…"

"பாலத்தாண்ட நான் நனைஞ்சு நின்னேனே, அன்னைக்கும் தமாஷா? உங்களுக்குக் கைக்கெட்டுற தூரத்துல பாட்டில் இருந்துச்சு. எனக்கு என்ன இருந்துச்சு?"

அந்த நிமிடம் வரை அவனுக்கு அது தெரியாது. முகம் மாறிவிட்டது. அவள் இடுப்பில் ஸ்வெட்டர் கட்டியிருந்த நாள் நினைவுக்கு வந்திருக்கவேண்டும். பாட்டிலைக் கீழே வைத்தான், தொப்பியைக் கழற்றி மறுபடி போட்டுக்கொண்டான்.

அவள் நேராக மேசைக்குப் போனாள். "சாவி குடுங்க."

"சொன்னேனே, அது…"

"ஸ்டாஃபுக்கு. நான் யாரு? பஸ்ல வேடிக்கை பாக்க வந்தவளா?"

"நீங்கள்லாம் போனா அழுக்காயிரும்மா. முனிசிபாலிட்டிக்காரன் வந்து பாத்தா யாரு பதில் சொல்றது? வண்டி கெளம்ப ஒரு நிமிஷம்தான் இருக்கு, போய் ஏறு. ஏற்கெனவே ரெண்டு லேட்டு உன் பேர்ல இருக்கு, ஞாபகம் வச்சுக்க."

அப்போது செவேரோ என்ஜினை அணைத்தான். அது அணைந்த சத்தம் ஷெட் முழுக்கக் கேட்டது. வண்டிச் சாவியை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு இறங்கி வந்தான்.

"கொமாத்ரே போய்ட்டு வரட்டும். அதுக்கப்புறம் எடுக்கறேன்."

"பச்சைக்காரன் கெளம்பிருவான்டா!"

"போகட்டும். இன்னைக்கு அவன் முந்தட்டும்."

அவன் வாயிலிருந்து அந்த வார்த்தை வரும் என்று அங்கே யாரும் எதிர்பார்க்கவில்லை. ஏறி உட்கார்ந்திருந்த பயணிகள் எட்டிப் பார்க்க ஆரம்பித்தார்கள். காய்கறி மூட்டை வைத்திருந்த ஒரு கிழவி ஜன்னலிலிருந்தே கத்தினாள். "குடுத்துத் தொலைய்யா சாவியை! உங்கம்மா மூத்திரம் போகாமயா உன்னைப் பெத்தா?" யானினாவும் இன்னும் மூன்று கண்டக்டர் பெண்களும் தங்கள் வண்டிகளை விட்டு இறங்கி வந்து நின்றார்கள். நான்கு பேரும் அவர் பெல்ட்டில் தொங்கிய சாவியையே பார்த்தார்கள். அந்தப் பார்வைதான் அபெலார்தோவுக்குப் பொறுக்கவில்லை. பெல்ட்டிலிருந்து சாவியைக் கழற்றி மேசை மேல் எறிந்தார்.

பூட்டு துருப்பிடித்திருந்தது. இரண்டு தடவை திருகியதும் திறந்தது. மெல்ச்சோரா வாசலிலேயே நின்றுவிட்டாள்.

கீழிருந்து மேல் வரை வெள்ளை டைல்ஸ். கண்ணாடி. கைகழுவும் தொட்டி. கழிப்பறைப் பீங்கானைச் சுற்றிக் கடையில் ஒட்டிய பிளாஸ்டிக் தாள் இன்னும் அப்படியே இருந்தது. கதவின் உள்பக்கம் 'பணிபுரியும் பெண்களுக்கு' என்று எழுதிய பலகை, அதன் கீழே நான்கு வருடத்துக்கு முந்தைய தேதியோடு பர்மிட் முத்திரை. முனிசிபாலிட்டிக்குப் படம் பிடித்துக் காட்டுவதற்காகக் கட்டி, படம் எடுத்து முடிந்ததும் பூட்டியிருக்கிறார்கள். அவள் பேரைச் சொல்லித்தான் கட்டியிருக்கிறார்கள். அவள் லாரிக்குப் பின்னால் குந்தியிருந்த ஒவ்வொரு நாளும் அது இங்கே, பத்தடி தூரத்தில், பளபளவென்று இருந்திருக்கிறது.

"நாலு வருஷம்" என்றாள் பின்னால் நின்ற யானினா. "அடப்பாவிகளா."

மெல்ச்சோரா பிளாஸ்டிக் தாளை இரண்டு கையாலும் கிழித்தாள். அது கிழிந்த சத்தத்தில் அவள் கோபம் முழுக்க இருந்தது. கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள். உட்கார்ந்தாள். யாரும் தட்டவில்லை, யாரும் ஹாரன் அடிக்கவில்லை. முடிந்ததும் எழுந்துவிடவில்லை. கொஞ்ச நேரம் மூச்சு வாங்கிவிட்டு, முன்னால் சாய்ந்து, மிச்சமும் வரட்டும் என்று காத்திருந்தாள். வந்தது. பிறகு கையைச் சோப்புப் போட்டு, விரல் விரலாகக் கழுவினாள்.

வெளியே வந்தபோது யானினா உள்ளே நுழைந்தாள். அவளுக்குப் பின்னால் மற்ற மூவரும் வரிசையாக நின்றார்கள். அபெலார்தோ நேரத்தாளை விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"ஏழு நிமிஷம் லேட். மூணாவது. சொல்லு, காரணம் என்னன்னு போட? பஞ்சரா, டிராஃபிக்கா, போலீஸா?"

"மூத்திரம்னு போடுங்க."

"அப்படில்லாம் தாள்ல எழுத முடியாது."

"ஏன் முடியாது? கட்டினப்போ பலகையில பெண்களுக்குன்னு எழுத முடிஞ்சுச்சில்ல? எழுதுங்க. மெல்ச்சோரா, மூத்திரம், ஏழு நிமிஷம்."

அவர் மேசையிலிருந்தே செவேரோவைப் பார்த்தார். அவன் வண்டியில் சாய்ந்து கையைக் கட்டிக்கொண்டு நின்றான். அவர் எழுதினார், எழுத்து கோணலாக விழுந்தது.

மெல்ச்சோரா குனிந்து எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு நிமிர்ந்தாள். "இப்ப உள்ள இருக்கிறது யானினா. அடுத்தது க்ளோதில்தே. அவங்களுக்குப் பின்னாடி இன்னும் ரெண்டு பேரு. மூணாவது லேட்டுன்னு என்னை வேலையை விட்டு எறக்குறதுன்னா, எல்லாரையும் எறக்கிருங்க. அத்தனை பேர் மூத்திரத்தையும் எழுதத் தாள் பத்துமான்னு மட்டும் பாத்துக்கங்க."